நார்த் பிளாட்: ரயில் நின்ற பத்து நிமிடத்தால் பிழைத்த ஊர். ஒன்றரை நாளில் சுற்றிப் பார்க்க முழு வழிகாட்டி

அமெரிக்காவில் ஒமாஹாவிலிருந்து டென்வருக்கு ஐ-80 நெடுஞ்சாலையில் காரில் போகிறவர்களுக்கு எக்ஸிட் 177 என்றால் பெட்ரோல் போடும் இடம். கால் மணி நேரம் நின்று, காபி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்த எக்ஸிட்டில் இறங்கி வடக்கே போய், தென் பிளாட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் நார்த் பிளாட் வந்துவிடும். நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்குச் சமவெளியில் சுமார் 23,000 பேர் வாழும் ஊர். சரக்கு வேகன்களைப் பிரித்துக் கோர்க்கும் ரயில் யார்டுகளில் உலகத்திலேயே பெரியது இங்கேதான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அறுபது லட்சம் சிப்பாய்களுக்குக் காசு வாங்காமல் சாப்பாடு போட்டதும் இதே ஊர்தான்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். ‘நெப்ராஸ்கா’ என்பது ஓட்டோ பழங்குடியினரின் சொல். தட்டையான நீர் என்று பொருள். பிரெஞ்சு வணிகர்கள் அதே பொருளைத் தங்கள் மொழியில் சொல்லி ஆற்றுக்கு ‘பிளாட்’ என்று பெயர் வைத்தார்கள். அகலமாகவும் ஆழமில்லாமலும் மணல் திட்டுகளோடு ஓடும் ஆறு. வட பிளாட்டும் தென் பிளாட்டும் ஊருக்குக் கிழக்கே ஒன்று சேர்கின்றன. குடியேறிகள் போன ஒரிகன் பாதை, மார்மன் என்ற மதப்பிரிவினர் போன மார்மன் பாதை, 1860-61-ல் குதிரை மாற்றிக் குதிரை ஏறித் தபால் கொண்டுபோன போனி எக்ஸ்பிரஸ் எல்லாமே இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் மேற்கே போயின. ரயிலும் அதே தடத்தைப் பிடித்துக்கொண்டது. மேடுபள்ளம் இல்லாத நிலத்தில் தண்டவாளம் போடுவது சுலபம், நீராவி இன்ஜினுக்கு வேண்டிய தண்ணீரும் பக்கத்திலேயே இருந்தது.

யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் பாதை 1866 கடைசியில் இங்கே வந்தது. தலைமைப் பொறியாளர் கிரென்வில் டாட்ஜ் ஊருக்கு மனை பிரித்துக் கொடுத்தார். அந்தக் குளிர்காலத்தில் வேலை நின்றதும் தண்டவாளக் கூலிகள், சாராயக் கடைக்காரர்கள், சூதாடிகள் எல்லாரும் இங்கேயே கூடாரம் அடித்தார்கள். ரயில் பாதையின் முனையோடு நகர்ந்துகொண்டே போன இப்படிப்பட்ட ஊர்களைச் சக்கரம் பூட்டிய நரகம் என்றே அழைத்தார்கள். 1867-ல் வேலை மேற்கே நகர, கூட்டம் மொத்தமும் ஜூல்ஸ்பர்குக்குக் கிளம்பிவிட்டது. இப்படிக் கைவிடப்பட்ட பல முகாம்கள் புல் முளைத்துக் காணாமல் போயின. நார்த் பிளாட் போகாததற்குக் காரணம், ரயில்வே இதை டிவிஷன் தலைமையிடமாக வைத்துக்கொண்டதுதான். இங்கே இன்ஜின் மாறும், ஆள் மாறும், தண்ணீர் பிடிப்பார்கள், அச்சுக்கு எண்ணெய் விடுவார்கள். வண்டி நிற்கும். அந்த நிறுத்தம்தான் இந்த ஊரின் உயிர். கீழே சொல்லும் ஆறு இடங்களையும் அதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

கிளம்பும் முன்

முதலில் ஒரு வருத்தமான செய்தி: உலகின் பெரிய ரயில் யார்டு உள்ள ஊருக்கு ரயிலில் போக முடியாது. பயணிகள் ரயில் 1971-ல் நின்றுபோனது. அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் கலிபோர்னியா செஃபிர் வண்டி நெப்ராஸ்காவின் தென்பகுதி வழியாகப் போகிறது. அதில் வந்தால் கிட்டத்தட்ட 110 கி.மீ. தெற்கே உள்ள மெக்குக்கில் இறங்க வேண்டும், அதுவும் அகால நேரத்தில். கார்தான் சரி. ஒமாஹாவிலிருந்து சுமார் 450 கி.மீ., டென்வரிலிருந்து சுமார் 425 கி.மீ.; எந்தப் பக்கமிருந்து வந்தாலும் நான்கு மணி நேரம் ஓட்ட வேண்டும். டென்வரிலிருந்து வருகிறவர்கள் கடிகாரத்தைக் கவனியுங்கள். ஒகல்லாலா வரை மலை நேரம். நார்த் பிளாட்டில் மத்திய நேரம். வழியில் ஒரு மணி நேரம் கையை விட்டுப் போய்விடும், அருங்காட்சியகம் மூடும் நேரத்தில் போய் நிற்காதீர்கள்.

வருவதற்கு நல்ல காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. யார்டைப் பார்க்கும் கோல்டன் ஸ்பைக் கோபுரம் ஆண்டு முழுவதும் உண்டு. பஃபலோ பில்லின் பண்ணை வீடு, கவுன்டி அருங்காட்சியகம், கோடீ பார்க்கில் உள்ள ரயில் காட்சியகம் மூன்றும் கோடையை நம்பி நடப்பவை, அதனால் கிளம்பும் முன் திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜூனில் ‘நெப்ராஸ்காலேண்ட் டேஸ்’ விழாவும், குதிரைச் சவாரியும் மாடு பிடித்தலுமாக நடக்கும் ரோடியோ போட்டியும் உண்டு. அப்போது விடுதி அறைக்கு முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். பறவை பார்ப்பவர்களுக்கு மட்டும் வேறு கணக்கு. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை லட்சக்கணக்கான மணற்குன்றுக் கொக்குகள் பிளாட் ஆற்றில் இறங்கும். பெருங்கூட்டம் கிழக்கே கியர்னி பக்கம் என்றாலும், நார்த் பிளாட்டைச் சுற்றியுள்ள வயல்களிலும் நிறையவே பார்க்கலாம்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை: இது மாட்டுப் பண்ணை நாடு. சைவக்காரர்கள் ஒமாஹாவிலோ டென்வரிலோ புளிசாதம் கட்டிக்கொண்டு வந்தால் நிம்மதியாக இருக்கும்.

படி 1: மாக்ஸ்வெல் கல்லறை (கிழக்கிலிருந்து வருகிறவர்கள் முதலில், மற்றவர்கள் கடைசியில்)

நார்த் பிளாட்டுக்கு 20 கி.மீ. கிழக்கே மாக்ஸ்வெல். அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் ஃபோர்ட் மெக்ஃபெர்சன் தேசியக் கல்லறைத் தோட்டம். கோட்டை 1863-ல் எழுந்தது, 1880-ல் கைவிடப்பட்டது. இன்று கட்டடம் ஏதும் மிஞ்சவில்லை. 1873-ல் ஏற்படுத்திய கல்லறைத் தோட்டம் மட்டும் இருக்கிறது. வெள்ளைக் கற்கள் வரிசை வரிசையாக நிற்கும், காற்றைத் தவிர சத்தமே இருக்காது.

அங்கே ஒரு வெள்ளைப் பளிங்கு நினைவுக்கல்லைத் தேடிப் பாருங்கள். 1854 ஆகஸ்டில், இன்றைய வயோமிங்கில் ஃபோர்ட் லாரமி பக்கத்தில், மார்மன் பயணி ஒருவரின் மாட்டை லகோட்டா பழங்குடிக்காரர் ஒருவர் கொன்றுவிட்டார். ஈடு கொடுக்கிறோம் என்று தலைவர் கான்கரிங் பேர் சொன்னார். அமெரிக்க ராணுவத்தின் லெப்டினன்ட் கிராட்டன் கேட்கவில்லை. சிப்பாய்களோடும் பீரங்கியோடும் முகாமுக்குள் போனார். தலைவர் சுடப்பட்டார், கிராட்டனின் படை முழுவதும் அழிந்தது. அந்தச் சிப்பாய்களின் எலும்புகளைப் பின்னாளில் இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். ஒரு மாட்டில் தொடங்கிய சமவெளிப் போர் தலைமுறை தாண்டியும் ஓயவில்லை. ரயில் பாதையைக் காவல் காத்தது மெக்ஃபெர்சன் போன்ற கோட்டைகள்தான். 1867 செப்டம்பரில் ஜெனரல் ஷெர்மன் உள்ளிட்ட அரசுத் தூதுக்குழு நார்த் பிளாட்டில் உட்கார்ந்து ஸ்பாட்டட் டெய்ல் போன்ற லகோட்டாத் தலைவர்களோடு பேசியது. ரயில் வருவதால் காட்டெருமை போகிறது என்பதுதான் அவர்களுடைய முறையீட்டின் சாரம். அவர்கள் பயந்ததே நடந்தது. இதைப் பார்த்துவிட்டு ஊருக்குள் போனால், மற்ற இடங்களில் தெரியும் வெற்றிக் கதைகளுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது மறக்காது.

படி 2: ஃபிரண்ட் தெருவில் ஒரு வெற்றிடம்

ஊரின் நடுவே, தண்டவாளத்தை ஒட்டி ஃபிரண்ட் தெரு. அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறது, பக்கத்தில் காலி இடம். பார்க்க வேண்டியது அந்தக் காலி இடத்தைத்தான். பழைய ரயில் நிலையம் நின்ற இடம் அது. 1973-ல் இடித்துவிட்டார்கள்.

1941 டிசம்பர் 17. பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து பத்து நாள் ஆகியிருந்தது. நெப்ராஸ்கா தேசியக் காவல்படையின் ‘டி’ கம்பெனி ரயிலில் வருகிறது என்று செய்தி பரவியது. அதில் இந்த ஊர்ப் பிள்ளைகள் இருந்தார்கள். அம்மாக்கள், அக்காள் தங்கைகள், காதலிகள் என்று நூற்றுக்கணக்கானவர்கள் கேக், பழம், சிகரெட் என்று கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு நடைமேடையில் காத்திருந்தார்கள். வண்டி வந்தது. அது ‘டி’ கம்பெனிதான், ஆனால் கான்சாஸ் மாநிலத்தினுடையது. உள்ளே ஒருவர்கூடத் தெரிந்தவர் இல்லை. கொஞ்ச நேரம் எல்லாரும் திகைத்து நின்றார்கள். பிறகு கொண்டுவந்ததை முகம் தெரியாத அந்தப் பையன்களுக்கே கொடுத்துவிட்டு வீடு திரும்பினார்கள்.

அந்தக் கூட்டத்தில் ரே வில்சன் என்ற 26 வயதுப் பெண் இருந்தார். அவருடைய அண்ணனும் அந்தப் படையில்தான். அவர் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார்: வருகிற எல்லா ராணுவ வண்டிக்கும் இதைச் செய்யலாமே என்று. டிசம்பர் 25 அன்று கேன்டீன் தொடங்கிவிட்டது. யூனியன் பசிபிக்கின் தலைவர் வில்லியம் ஜெஃபர்ஸ் இதே நார்த் பிளாட்டில் பிறந்து, இதே ரயில்வேயில் சிறுவனாக எடுபிடி வேலையில் சேர்ந்து மேலே வந்தவர். நிலையத்தில் இருந்த சாப்பாட்டு அறையை அவர் திறந்துவிட்டார்.

இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கவும் எண்ணெய் விடவும் பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். சிப்பாய்கள் பெட்டியிலிருந்து குதித்து ஓடிவர வேண்டும். சான்ட்விச், வேகவைத்த முட்டை, பால், காபி, கேக் என்று கையில் வாங்கிக்கொண்டு மறுபடி ஓட வேண்டும். ராணுவ வண்டிகளின் நேரம் ரகசியம் என்பதால், ‘காபி வைத்தாகிவிட்டது’ என்று குறிப்பாகச் சொல்லித்தான் ஆட்களைக் கூப்பிடுவார்கள். சில நாட்களில் இருபதுக்கும் மேல் வண்டிகள். பிறந்தநாள் என்று யாராவது சொன்னால் முழுக் கேக்கையே கொடுத்துவிடுவார்கள். அந்தப் பக்கத்தில் ஏராளமாகக் கிடைத்த காட்டுக்கோழி வகைப் பறவையான ஃபெசன்ட்டைச் சுட்டு, அந்தக் கறியை வைத்து சான்ட்விச் செய்தார்கள். சோளப்பொரி உருண்டைக்குள் இளம்பெண்கள் தங்கள் பெயரும் முகவரியும் எழுதிய சீட்டை வைத்தார்கள். கடிதம் எழுதிப் பழகிக் கல்யாணத்தில் முடிந்த கதைகளும் உண்டு.

சர்க்கரைக்கும் காபிக்கும் ரேஷன் இருந்த காலம் அது. ஊரின் மக்கள்தொகை அப்போது சுமார் 12,000. ஒரு ஊரால் ஆகிற காரியமில்லை. சுற்றிலும் நெப்ராஸ்காவிலும் கொலராடோவிலும் இருந்த 125 சிற்றூர்கள் முறை வைத்துக்கொண்டு வந்தன. மொத்தம் சுமார் 55,000 தொண்டர்கள். இன்ன நாள் இன்ன ஊரின் முறை என்றால், அந்த ஊர்ப் பெண்கள் வீட்டு ரேஷனை மிச்சம் பிடித்துச் சேர்த்த சர்க்கரையில் கேக் செய்து எடுத்துக்கொண்டு வருவார்கள். ஒரு சிறுவன் கால்நடை ஏலச் சந்தையில் தன் சட்டையைக் கழற்றி ஏலம் விட்டுக் கேன்டீனுக்குப் பணம் சேர்த்தான், அதையும் திரும்பத் திரும்பச் செய்தான். 1946 ஏப்ரல் 1 வரை ஒரு நாள் விடாமல் நடந்தது. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சாப்பிட்டுப் போனார்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்தக் காலி இடத்தில் நின்றால், கட்டடத்தை இடித்தவர்கள் மீது கோபம் வருகிறது. எனக்கு வருகிறது. ஒரு சரக்கு வண்டி கடக்கும் வரை அங்கேயே நில்லுங்கள். அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்காது.

படி 3: லிங்கன் கவுன்டி வரலாற்று அருங்காட்சியகம்

ஊரின் வடமேற்கில், பஃபலோ பில் அவென்யூவில். பழைய வீடுகளையும் கட்டடங்களையும் பெயர்த்துக் கொண்டுவந்து ஒரு சிறு கிராமம் போல வைத்திருக்கிறார்கள். நேரம் குறைவென்றால் நேராகக் கேன்டீன் பகுதிக்குப் போய்விடுங்கள். புகைப்படங்களில் நடைமேடை முகங்களைப் பாருங்கள். பொறுமையுள்ளவர்களுக்கு இங்கே இரண்டு மணி நேரம் போதாது.

ஊரைப் பற்றிப் படிக்கிறவர்கள் 1929-ஐயும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் போலீஸ்காரர் ஒருவரைக் கறுப்பினத்தவர் ஒருவர் கொன்றதை அடுத்து, ஊரில் இருந்த கறுப்பினக் குடும்பங்களைக் கும்பல் மிரட்டித் துரத்தியது. கேன்டீன் தொடங்கியது அதற்குப் பன்னிரண்டு ஆண்டு கழித்து. இரண்டும் ஒரே ஊர்தான். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் வரலாறு ஆகாது.

படி 4: ஸ்கவுட்ஸ் ரெஸ்ட் பண்ணை

அருங்காட்சியகத்திலிருந்து மிகப் பக்கம். ‘பஃபலோ பில்’ என்று உலகம் அறிந்த வில்லியம் கோடீயின் வீடு. கான்சாஸ் பசிபிக் ரயில்வே தொழிலாளர்களுக்கு இறைச்சி கொடுக்க ஒப்பந்தம் எடுத்து, ஒன்றரை ஆண்டில் 4,280 காட்டெருமைகளைச் சுட்டதாக அவரே கணக்குச் சொன்னார். பட்டப்பெயர் அந்த வேலையில் வந்தது. ரயில் இல்லாமல் பஃபலோ பில் இல்லை.

பிறகு ஃபோர்ட் மெக்ஃபெர்சனில் ராணுவ வழிகாட்டியாக இருந்தார். 1872 ஜனவரியில் ரஷ்ய இளவரசர் அலெக்சிஸ் நார்த் பிளாட்டில் ரயிலை விட்டு இறங்கி வேட்டைக்குப் போனபோது, கூடப் போனவர்களில் கோடீயும் ஜெனரல் கஸ்டரும் உண்டு. ஸ்பாட்டட் டெய்லும் தன் ஆட்களோடு வந்திருந்தார். 1882 ஜூலை 4-க்கு ஊரார் கேட்டுக்கொண்டதால், குதிரைச் சவாரி, மாடு பிடித்தல் என்று ‘ஓல்ட் குளோரி புளோஅவுட்’ நடத்தினார். ரோடியோ பிறந்தது இங்கேதான் என்று நார்த் பிளாட் உரிமை கொண்டாடுகிறது. வேறு ஊர்களும் அப்படியே சொல்கின்றன. அடுத்த ஆண்டு ஒமாஹாவில் அவருடைய ‘வைல்ட் வெஸ்ட்’ காட்சி தொடங்கியது. 1887-ல் லண்டன் போய் விக்டோரியா ராணியின் முன் நடத்தினார்கள்.

வீடு 1886-ல் கட்டியது, தொழுவம் 1887. அக்கா ஜூலியாவும் அவர் கணவரும்தான் பண்ணையைக் கவனித்துக்கொண்டார்கள், கோடீ பெரும்பாலும் ஊர் ஊராக இருந்தார். என்னைக் கேட்டால் வீட்டைவிடத் தொழுவம்தான் பார்க்க வேண்டியது. கூரை மரங்களின் முனைகளைத் துப்பாக்கிக் கட்டை வடிவில் செதுக்கியிருக்கிறார்கள். கூரையின் மேல் பண்ணையின் பெயர் பெரிய எழுத்தில்; ரயிலில் போகிறவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காக. விளம்பரம் என்றால் என்ன என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. அவர் காட்சியில் லகோட்டாக்காரர்கள் சம்பளத்துக்கு வந்து, தாங்கள் தோற்ற போரையே மேடையில் நடித்தார்கள். அரசு ஒதுக்கிய இருப்பிட எல்லைக்குள் அடைந்து கிடப்பதற்கு இது மேல் என்று பலர் வந்தார்கள் என்பதும் உண்மை. காலையில் கல்லறைக்குப் போய்விட்டு வந்தவர்களுக்கு ‘வைல்ட் வெஸ்ட்’ சுவரொட்டிகள் வேறு மாதிரி தெரியும்.

படி 5: கோடீ பார்க், மாலை நேரத்தில்

வட பிளாட் ஆற்றங்கரையில். குழந்தைகளோடு வந்தால் மற்றதையெல்லாம் குறைத்துக்கொண்டு இங்கே அதிக நேரம் கொடுங்கள், சின்னச் சின்ன ராட்டினங்கள் உண்டு. பெரியவர்களுக்கு இரண்டு இன்ஜின்கள்.

ஒன்று ‘சேலஞ்சர்’ 3977, நீராவி, 1943-ல் செய்தது. இந்த வகையில் 105 இன்ஜின்கள் யூனியன் பசிபிக்குக்காகச் செய்யப்பட்டன, மிஞ்சியவை இரண்டு. அதில் ஒன்றின் சக்கரத்தைத்தான் நீங்கள் தொட்டுப் பார்க்கிறீர்கள். இன்ஜின் மிக நீளம் என்பதால் இரண்டு தொகுதிச் சக்கரங்கள், முன்தொகுதி வளைவில் தனியாகத் திரும்பும்படி கீல் வைத்த அமைப்பு. கீழே குனிந்து பார்த்தால் புரியும். இன்னொன்று ‘சென்டென்னியல்’ 6922, டீசல். 1869-ல் கண்டம் கடந்த ரயில் பாதை முடிந்த நூற்றாண்டை முன்னிட்டு வைத்த பெயர். ஒரே உடம்பில் இரண்டு டீசல் இன்ஜின்கள், 6,600 குதிரைத் திறன், நீளம் சுமார் 30 மீட்டர். 47 மட்டுமே செய்தார்கள். பக்கத்தில் ஹெர்ஷி ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய சிறு ரயில் நிலையம் இருக்கிறது. ஃபிரண்ட் தெருவில் இல்லாததற்கு ஒரு ஆறுதல்.

ரயில் ஊர் என்றாலும் விமான வரலாற்றிலும் இதற்கு ஒரு இரவு உண்டு. 1921 பிப்ரவரி 22 அன்று, இரவிலும் தபால் விமானம் பறக்க முடியும் என்று நிரூபிக்க முயன்றபோது, ஜாக் நைட் என்ற விமானி நார்த் பிளாட்டிலிருந்து இருட்டில் கிளம்பினார். வழியில் மக்கள் மூட்டிய நெருப்புகளைப் பார்த்துக்கொண்டே ஒமாஹா போய், அங்கிருந்து சிகாகோ வரை ஓட்டிச் சேர்த்தார்.

படி 6: கோல்டன் ஸ்பைக் கோபுரம்

கடைசியாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கீழே என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஏறினால் தண்டவாளமும் பெட்டியும்தான் தெரியும், பத்து நிமிடத்தில் இறங்கிவிடுவீர்கள்.

2008-ல் திறந்த எட்டு மாடிக் கோபுரம். ஏழாவது மாடி திறந்தவெளி, எட்டாவது கண்ணாடி அடைத்தது. எதிரே பெய்லி யார்டு: 2,850 ஏக்கர், நீளம் 8 மைல், அதாவது 13 கி.மீ. யூனியன் பசிபிக்கின் தலைவராக இருந்த எட் பெய்லியின் பெயர். 1995-ல் கின்னஸ் புத்தகம் உலகின் பெரிய யார்டு என்று பதிந்தது.

வேலை இப்படி நடக்கிறது. பல ஊர்களுக்குப் போக வேண்டிய வேகன்கள் கலந்து ஒரு கூட்ஸ் வண்டியாக வருகின்றன. அவற்றைப் பிரித்து, ஒரே திசைக்குப் போகிறவற்றை ஒன்றாகக் கோர்க்க வேண்டும். நம் ஊர்களில் ஷண்டிங் இன்ஜின் முன்னும் பின்னும் இழுத்துச் செய்கிற வேலை. இங்கே பெரும்பகுதியைப் புவியீர்ப்பே செய்கிறது. யார்டுக்குள் இரண்டு செயற்கை மேடுகள் உண்டு: கிழக்கே போகும் வண்டிகளுக்கு 34 அடி, மேற்கே போகிறவற்றுக்கு 20 அடி. இன்ஜின் வண்டியைப் பின்னாலிருந்து மெதுவாக மேட்டில் தள்ளும். உச்சியில் இணைப்பைக் கழற்றிவிடுவார்கள். வேகன் தனியாக மறுபக்கம் உருளும். கீழே பாதை விசிறிபோல நூற்றுக்கும் மேற்பட்ட தடங்களாகப் பிரிகிறது. எந்த வேகன் எந்தத் தடம் என்பதைக் கணினி பார்த்து, தடம் மாற்றும் முள்ளைத் திருப்பிவிடும். வேகம் கூடினால், தண்டவாளத்தின் இருபுறமும் உள்ள இரும்புப் பற்றுகள் சக்கரத்தைக் கவ்வி நிதானப்படுத்தும். அப்போது எழும் கீச்சென்ற ஒலிதான் ஏழாவது மாடியில் கேட்பது. ரயில்வே சொல்லும் கணக்குப்படி நாளொன்றுக்கு 14,000 வேகன்கள் வரை இந்த யார்டு வழியாகப் போகும். அவற்றில் சுமார் 3,000 இந்த மேடுகளில் ஏறிப் பிரியும். மற்றவை ஆள் மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் நின்று கிளம்புகிறவை.

திறந்த வேகன்களில் கறுப்பாகத் தெரிவது வயோமிங் நிலக்கரி. முன்பு இதைவிட நீளமாக, அடிக்கடி வரும். மின் நிலையங்கள் எரிவாயுவுக்கும் காற்றாலைக்கும் மாறியதில் நிலக்கரி குறைந்தது, யார்டில் ஆட்குறைப்பும் நடந்தது. மேலே ரயில்வேயில் ஓய்வு பெற்ற தொண்டர்கள் இருந்தால் அவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். பலகையில் எழுதியிருப்பதைவிட அவர்கள் சொல்வதில் விஷயம் அதிகம். கேன்டீனைப் பற்றிக் கேட்டால் 2018-ஐயும் கேளுங்கள். ஆர்கன்சா தேசியக் காவல்படையினர் சுமார் 700 பேர் பேருந்துகளில் இந்த வழியாகப் போனபோது, ஊர் மறுபடியும் கூடி அவர்களுக்குச் சாப்பாடு போட்டது.

தொலைநோக்கியில் மேட்டின் உச்சியைப் பிடியுங்கள். நிறத்தை வைத்து ஒரே ஒரு வேகனைத் தேர்ந்தெடுங்கள். இணைப்பு கழன்று, அது தனியாக உருண்டு, கீச்சென்று நிதானித்து, தன் தடத்தில் நிற்கும் அடுத்த வேகனோடு முட்டிச் சேரும் வரை கண்ணை எடுக்காதீர்கள். முட்டிய சத்தம் கோபுரத்துக்கு வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும்.